வால்வு ரேடியோ சேர்க்கப் போகிறீர்களா? பிளக்கைச் சொருகும் முன் இதைப் படியுங்கள்

பழைய வால்வு ரேடியோ ஒன்று, அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுகளில் ஓடும் செட்டு ஒன்று, கைக்கு வந்தவுடன் யாருக்கும் முதலில் தோன்றுவது "பாடுதா பார்ப்போம்" என்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஐம்பது அறுபது வருஷம் மூலையில் கிடந்த செட்டுக்குள் இருக்கும் கண்டென்சர்கள், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள், பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும், கரண்ட் கொடுத்த சில நிமிடங்களில் புகை வரலாம், அதுவரை நன்றாக இருந்த டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகலாம், அதற்கு மாற்று கிடைப்பது லேசில்லை. அதைவிட முக்கியமாக, சில செட்டுகளின் சேஸிஸிலேயே, அதாவது உள்ளே இருக்கும் தகரச் சட்டத்திலேயே, நேரடியாக மெயின்ஸ் கரண்ட் ஓடும். ஆகவே பாட வைப்பது கடைசி வேலை. முதல் வேலை படிப்பது. என்ன கம்பெனி, எந்த மாடல், ஏறக்குறைய எந்த வருஷம், எத்தனை வோல்ட்டுக்குச் செய்தது, உள்ளே இருப்பதெல்லாம் அதனுடையதுதானா என்று எல்லாமே அந்த ரேடியோவின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதல் செட்டாக எதை வாங்குவது?

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் ஆலோசனை ஒன்றே ஒன்று: 1950களில் வந்த, மரப்பெட்டி கொண்ட, மேசை மேல் வைக்கும், வீட்டு ஏசி மெயின்ஸில் ஓடும் செட்டு. உள்ளே மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டும், பின்மூடி இருக்க வேண்டும், குமிழ்கள் எல்லாம் இருக்க வேண்டும், டயல் கண்ணாடி உடையாமல் இருக்க வேண்டும். கெட்டுப்போன கண்டென்சர் ஒரு பொருட்டே இல்லை, புதிது போட்டுக்கொள்ளலாம். ஆனால் உடைந்த டயல் கண்ணாடியையும் காணாமல் போன அசல் குமிழையும் தேடுவதற்குள் ஆர்வமே வற்றிவிடும். அதனால் "பாடாது, ஆனால் முழுசா இருக்கு" என்று ஒருவர் விற்றால் தைரியமாக வாங்கலாம். "பாடுது, ஆனா ரெண்டு குமிழ் இல்லை, பின்மூடி இல்லை" என்றால் நன்றாக யோசித்துவிட்டு வாங்குங்கள்.

பேட்டரி செட்டுகளை முதலில் தொட வேண்டாம். அவற்றில் வால்வின் இழைக்கு 1.4 வோல்ட், பிளேட்டுக்கு, அதாவது வால்வுக்குள் உயர் வோல்ட் கொடுக்கும் தகட்டுக்கு, 90 வோல்ட் என்று இரண்டு தனித்தனி பேட்டரி வேண்டும். அந்தப் பேட்டரிகள் இப்போது கடையில் கிடைக்காது, நாமே ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும். அதேபோல கேட்டலின் என்ற பளபளப்பான வண்ணப் பிளாஸ்டிக்கில் வந்த செட்டுகள், உதாரணத்துக்கு 1940ஐ ஒட்டி வந்த ஃபாடா 115, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் விலையும் அதற்கேற்றபடி இருக்கும், போலிகளும் உண்டு, விரிசலும் எளிதில் விழும். கண் பழகிய பிறகு அந்தப் பக்கம் போகலாம்.

வெளித் தோற்றம் எவ்வளவு சொல்லும்?

பெட்டியின் வடிவத்தை வைத்துப் பத்து வருஷ அளவில் காலத்தை ஊகிக்கலாம், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். நீளமான தாழ்வான மரப்பெட்டி, முகப்பில் ஒரே மாதிரி மூன்று பெரிய குமிழ்கள், உள்ளே ஸ்பீக்கரே கிடையாது என்றால் அது 1920களின் செட்டு. அப்போது ஒவ்வொரு டியூனிங் கட்டத்தையும் தனித்தனியாகத் திருப்பித்தான் ஒரு நிலையத்தைப் பிடிக்க வேண்டும், ஒலிக்குத் தனியாக ஒரு கொம்பு ஸ்பீக்கர் இருக்கும். 1927ஐ ஒட்டி நேரடியாக மெயின்ஸில் ஓடும் வால்வுகள் வந்தன, அதன் பிறகு பேட்டரி மெல்ல மறைந்தது. ஒரே குமிழில் டியூனிங் என்பது 1920களின் கடைசியிலேயே வழக்கமாகிவிட்டது. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918இல் உருவாக்கிய சூப்பர்ஹெட் முறை, அதாவது எந்த நிலையத்தையும் உள்ளே ஒரே நிலையான அலைவரிசைக்கு மாற்றிப் பெருக்கும் முறை, 1930க்குப் பிறகு எல்லாக் கம்பெனிக்கும் பரவியது.

மேல்பக்கம் தேவாலய ஜன்னல் போல வளைந்த பெட்டி 1930களின் தொடக்கம். ஃபில்கோ கம்பெனி இதில் பேர் போனது. மேலே தட்டையாக, நின்ற வாக்கில் உயரமாக இருப்பது அதற்குச் சற்றுப் பின்னால், 1930களின் நடுப்பகுதி. பிறகு செட்டுகள் படுத்த வாக்கில் அகலமாயின, டயலும் வட்டத்திலிருந்து நீண்ட பட்டையாக மாறியது. தட்டினால் நிலையம் மாறும் பொத்தான்கள் 1930களின் கடைசியில் பெரிய மோகமாக இருந்தன. பேக்கலைட் என்றால் கறுப்பு அல்லது அடர் பழுப்பு நிறத்தில் கனமாக இருக்கும், கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்தால் கார்பாலிக் வாடை லேசாக வரும். பிரிட்டனின் எக்கோ கம்பெனி 1934இல் விட்ட வட்ட வடிவ ஏடி 65 இந்தப் பேக்கலைட்டில் என்னவெல்லாம் செய்யலாம் என்று காட்டிய செட்டு, அதை நேரில் பார்க்கும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள்.

டயலை நிதானமாகப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது டயலைத்தான். என் கணக்கில் வெளியே தெரியும் ஆதாரங்களில் இதற்கு இணை எதுவும் இல்லை.

அமெரிக்க செட்டு என்றால் 640, 1240 ஆகிய இரண்டு இடங்களிலும் சின்ன முக்கோணக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அணுகுண்டுத் தாக்குதல் வந்தால் மக்கள் எந்த அலைவரிசைக்குத் திருப்ப வேண்டும் என்பதற்காக 1953 முதல் 1963 வரை அங்கே கட்டாயமாக்கப்பட்ட குறி அது. இருந்தால் அந்தப் பத்து வருஷத்துக்குள் செட்டு அடங்கிவிட்டது. எஃப்எம் பேண்ட் 88 முதல் 108 வரை இருந்தால் 1945க்குப் பிந்தையது, ஏனென்றால் அந்த வருஷம்தான் அமெரிக்காவில் எஃப்எம்மை அங்கே நகர்த்தினார்கள். 42 முதல் 50 வரை என்று போட்டிருந்தால் அது அதற்கு முந்தைய எஃப்எம் செட்டு, விட்டுவிடாதீர்கள்.

ஐரோப்பிய டயல்களில் எண்ணுக்குப் பதில் ஊர்ப் பெயர்களாக இருக்கும்: ஹில்வர்சம், லக்சம்பர்க், டிராய்ட்விச் என்று வரிசையாக. பிரிட்டிஷ் செட்டில் 'லைட்' என்று இருந்தால் 1945க்குப் பின், 'தேர்ட்' என்று இருந்தால் 1946க்குப் பின், ஏனென்றால் பிபிசியின் அந்த ஒலிபரப்புகள் தொடங்கியதே அந்த வருஷங்களில்தான். 1950 மார்ச்சில் ஐரோப்பா முழுக்க மீடியம் வேவ் நிலையங்களின் அலைவரிசைகளை மாற்றினார்கள். அதனால் ஊர்ப் பெயர் எந்த எண்ணுக்கு நேரே இருக்கிறது என்பதை வைத்தே அதற்கு முன்னா பின்னா என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். டியூனிங் சரியாக விழுந்ததும் பச்சை ஒளிக்கு நடுவே இருக்கும் நிழல் சுருங்கும் மேஜிக் ஐ இருந்தால் 1935க்குப் பிந்தையது. அந்த வால்வை அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனி அறிமுகப்படுத்தியது அந்த வருஷம்.

டயல் கண்ணாடியைத் துடைக்காதீர்கள், குறிப்பாக உட்பக்கத்தை. எழுத்துகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் அச்சாகியிருக்கும், ஈரத்துணி பட்டாலே சில செட்டுகளில் அப்படியே உரிந்து வந்துவிடும். காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள்.

பின்மூடியைக் கழற்றிய பிறகு

பிளக் சுவரில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு பின்மூடியைத் திறங்கள். எதையும் அசைக்கும் முன் நாலாப் பக்கமும் போட்டோ எடுங்கள். எந்த வால்வு எந்தக் குழியில் இருந்தது, எந்த ஒயர் எங்கே போனது என்பது பிறகு நினைவிருக்காது.

மாடல் எண் பின்மூடியில், சேஸிஸின் பின்விளிம்பில், அல்லது பெட்டியின் அடியில் ஒட்டிய காகிதத்தில் இருக்கும். அதையும் சீரியல் எண்ணையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆறேழு இலக்கம் ஒரே ஓட்டமாக முத்திரை குத்தியிருந்தால் அது பெரும்பாலும் சீரியல். சில கம்பெனிகள் மாடல் எண்ணிலேயே வருஷத்தைச் சொல்லிவிடும், ஃபில்கோ 37-116 என்றால் அது 1937ஆம் வருஷ மாடல். பேட்டன்ட் எண்களின் பட்டியல் ஒட்டியிருந்தால் அதில் பெரிய எண்ணைத் தேடுங்கள். அமெரிக்க பேட்டன்ட் எண் 20 லட்சத்தைத் தொட்டது 1935 ஏப்ரலில், ஆகவே அதைத் தாண்டிய எண் இருந்தால் செட்டு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆனால் இது கீழ் எல்லையை மட்டுமே சொல்லும், பழைய பேட்டன்ட்டுகளைப் பல வருஷம் ஒட்டிக்கொண்டே இருந்தார்கள்.

காகிதமெல்லாம் செல்லரித்துப் போயிருந்தால்? கவலை வேண்டாம். ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்க ஸ்பீக்கர்களிலும் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் ஒரு தயாரிப்புக் குறியீடு இருக்கும், முதல் மூன்று இலக்கம் கம்பெனி, பிறகு வருஷம், கடைசி இரண்டு வாரம். 220835 என்று மங்கலாக முத்திரை இருக்கிறது என்று வையுங்கள். 220 என்றால் ஜென்சன் கம்பெனி. 8 என்றால் எட்டில் முடியும் ஒரு வருஷம். 35 என்றால் அந்த வருஷத்தின் 35ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் கடைசி. 1948ஆ 1958ஆ என்பதை வால்வுகள் சொல்லிவிடும். ஒரே பாகத்தை வைத்து முடிவு கட்டாமல் இப்படி இரண்டு மூன்று ஆதாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வரை விடாதீர்கள். இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்த கட்டமே இதுதான்.

வால்வு எண்ணைப் படிக்கும் விதம்

ஐரோப்பிய வால்வுகளின் பெயரிடும் முறை ரொம்பவும் ஒழுங்கானது. ஈசிஎச் 81 என்ற வால்வை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து 'ஈ' என்றால் ஹீட்டருக்கு, அதாவது வால்வை உள்ளிருந்து சூடாக்கும் இழைக்கு, 6.3 வோல்ட். 'சி' என்றால் மூன்று மின்முனை கொண்ட டிரையோடு, 'எச்' என்றால் ஆறு முனை ஹெக்ஸோடு அல்லது ஏழு முனை ஹெப்டோடு, ஆக ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு, அலைவரிசையை மாற்றும் வேலைக்கு. எண்ணில் முதல் இலக்கம் 8 என்றால் ஒன்பது முள் கொண்ட நோவல் அடிப்பாகம். அதுவே 3இல் தொடங்கினால் எட்டு முள் ஆக்டல், 4 என்றால் ரிம்லாக், 9 என்றால் ஏழு முள் மினியேச்சர். 'எல்' ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு, 'ஒய்', 'இசட்' இரண்டும் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர், 'எம்' மேஜிக் ஐ. இவ்வளவு தெரிந்தாலே ஒரு செட்டின் உள்ளே எட்டிப் பார்த்து எது என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாம்.

எல்லாவற்றையும்விட அந்த முதல் எழுத்துதான் முக்கியம். 'யூ' என்று தொடங்கும் வால்வுகள் வரிசையாக இருந்தால், யூசிஎச் 42, யூஎஃப் 41, யூபிசி 41, யூஎல் 41, யூஒய் 41 என்று இருந்தால், அந்தச் செட்டில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, ஹீட்டர்கள் எல்லாம் தொடராக மெயின்ஸில் கோக்கப்பட்டிருக்கின்றன, சேஸிஸ் மெயின்ஸின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் தகரம் முழுக்க உயிருள்ள கரண்ட். 'டி' என்றால் பேட்டரி செட்டு.

அமெரிக்க வால்வில் முதலில் வரும் எண்ணே ஏறக்குறைய ஹீட்டர் வோல்ட். 6வி6 என்றால் 6.3, 50எல்6 என்றால் 50. ஐந்து வால்வு கொண்ட சிறிய அமெரிக்க மேசை செட்டைத் திறந்தால் 12எஸ்ஏ7, 12எஸ்கே7, 12எஸ்க்யூ7, 50எல்6, 35இசட்5 என்ற கூட்டம் அடிக்கடி கண்ணில் படும். பன்னிரண்டரை வீதம் மூன்று, கூட ஐம்பதும் முப்பத்தைந்தும் சேர்த்தால் 120ஐத் தாண்டும், அவர்களுடைய மெயின்ஸுக்குப் பொருத்தம். ஆக அதுவும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டு, மேலே சொன்ன அதே ஆபத்து. 230 வோல்ட்டில் சொருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 27, 45, 80 என்று வெறும் இரண்டு இலக்க எண்கள், பருத்த நாலு ஐந்து முள் வால்வுகள் என்றால் 1935க்கு முந்தைய வடிவமைப்பு. ஆக்டல் அந்த வருஷம் வந்தது. ஏழு முள் மினியேச்சர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் வீட்டுச் செட்டுகளில் பரவலானது.

வால்வின் மேல் எழுத்து தெரியவில்லை என்றால் துடைக்காதீர்கள், விரலால் தேய்த்தாலே அழியும் மை அது. வாயால் லேசாக ஊதி ஆவி படிய வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பல நேரம் எண் தெளிவாகத் தெரியும். வால்வைக் கழற்றும்போது கண்ணாடியைப் பிடித்து இழுக்காமல் அடிப்பாகத்தைப் பிடித்து மெதுவாக ஆட்டி எடுங்கள். உச்சியில் தொப்பி மாதிரி ஒயர் இருந்தால் அதை முதலில் விடுவியுங்கள். கண்ணாடிக்குள் வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும், அது வெள்ளையாக, பால் நிறமாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு போச்சு. வெள்ளி நிறம் இருப்பதால் மட்டும் நல்ல வால்வு என்று ஆகிவிடாது, டெஸ்டரில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒட்டுப் போட்ட செட்டு, போலிச் செட்டு

ஒரு ரேடியோவின் சேஸிஸை இன்னொன்றின் பெட்டிக்குள் வைத்து விற்பது ரொம்ப காலமாக நடக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? குமிழ்த் துளைகளும் ஷாஃப்ட்டுகளும் எண்ணிக்கையில் ஒத்துப்போக வேண்டும், டயல் சரியாக ஜன்னலுக்கு நேரே உட்கார வேண்டும், அடிப்பலகையில் பயன்படாத பழைய ஸ்க்ரூ துளைகள் இருக்கக் கூடாது, துளைகளின் ஓரம் புதிதாக அறுத்த மர நிறத்தில் இருக்கக் கூடாது. பின்மூடியில் எழுதியிருக்கும் வால்வு வரிசையும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தேவாலய ஜன்னல் வடிவப் பெட்டியில், டயலில் 88 முதல் 108 எஃப்எம் இருந்தால் அது பழையது இல்லை. அந்த வடிவம் ஓய்ந்து பல வருஷம் கழித்துத்தான் அந்த எஃப்எம் பேண்டே வந்தது. பின்னால் திறந்தால் ஒரு சின்ன சர்க்யூட் போர்டும் டிரான்சிஸ்டர்களும் இருக்கும், சிலவற்றில் பக்கவாட்டில் கேசட் சொருகும் இடம்கூட உண்டு. அலங்காரத்துக்கு வாங்குகிறீர்கள் என்றால் சரி, பழம்பொருள் என்று காசு கொடுக்காதீர்கள்.

கரண்ட் கொடுப்பதற்கு முன்

மாடல் தெரிந்ததும் அதன் சர்க்யூட் படத்தைத் தேடுங்கள். அமெரிக்க செட்டுகளுக்கு 1946க்கு முன் என்றால் ரைடர் தொகுதிகள், அதற்குப் பின் என்றால் சாம்ஸ் ஃபோட்டோஃபேக்ட். பெரும்பாலானவை ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன.

மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்களையும், பவர் சப்ளையில் இருக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களையும் மாற்றாமல் எந்தச் செட்டையும் நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம். இவற்றில் ஒன்று மிகப் பொல்லாதது: அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு, அதாவது வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைக்கு, முன்னால் இருக்கும் கப்ளிங் கண்டென்சர். முந்தைய வால்வின் பிளேட்டில் இருக்கும் உயர் வோல்ட் கிரிட்டுக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. அது கசிந்தால் கிரிட் பாசிட்டிவ் ஆகிவிடும், அவுட்புட் வால்வு கண்மண் தெரியாமல் கரண்ட் இழுக்கும், வால்வும் போகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகும், சில நேரம் ரெக்டிஃபயரும் கூடவே போகும். ஒரே ஒரு கண்டென்சரை மாற்ற நேரம் இருக்கிறது என்றால் அதை மாற்றுங்கள். அதே மதிப்பில், 630 வோல்ட் பிலிம் கண்டென்சர் போதும். மெயின்ஸுக்குக் குறுக்கே இருப்பதற்கு மட்டும் அதற்கென்றே உள்ள பாதுகாப்பு வகையைப் போட வேண்டும். ரெசிஸ்டர்களை மல்டிமீட்டரால் அளந்து, 20 சதவீதத்துக்கு மேல் விலகியவற்றை மாற்றுங்கள். வெடித்துப்போன ஒயரையும் மாற்றுங்கள், ஆனால் சில பழைய அமெரிக்க செட்டுகளில் மெயின்ஸ் ஒயரே ரெசிஸ்டராகவும் இருக்கும், தொட்டால் சூடாக இருக்கும். அதை வெட்டிச் சுருக்கக் கூடாது.

அப்புறம்தான் சீரிஸ் பல்பு. செட்டோடு தொடராக 60 வாட் பழைய இழை பல்பு ஒன்றைப் போட்டு ஆன் செய்யுங்கள், எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு முதலில் பிரகாசமாக எரிந்து மெல்ல மங்கினால் நல்லது. மங்காமல் பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். சீரிஸ் பல்பு கரண்டைக் கட்டுப்படுத்துமே தவிர ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டுகளுக்கு செட்டை மெயின்ஸிலிருந்து தனியாகப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் அவற்றின் சேஸிஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டவே வேண்டாம். ஸ்பீக்கர் இணைப்பைக் கழற்றிவிட்டு ஆன் செய்யக் கூடாது. போருக்கு முந்தைய செட்டுகளில் ஸ்பீக்கரின் ஃபீல்டு காயில், அதாவது நிலைக் காந்தத்துக்குப் பதிலான மின்காந்தச் சுருள், பவர் சப்ளையின் ஒரு பகுதியாகவே இருக்கும்.

ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர்களில் 300 வோல்ட் வரை நிற்கலாம். சில ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக அதை வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் காட்டிய பிறகே கையை உள்ளே விடுங்கள். உயிரோடு இருக்கும் செட்டில் அளக்க வேண்டிய கட்டம் வந்தால், முதல் சில தடவை விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கழற்றிய பழைய கண்டென்சர்களைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு, என்ன மாற்றினீர்கள், என்றைக்கு மாற்றினீர்கள், வால்வு வரிசை என்ன, ஸ்பீக்கர் குறியீடு என்ன என்று ஒரு தாளில் எழுதி, இரண்டையும் பெட்டியின் உட்புறத்தில் சூடு படாத ஓரமாக வையுங்கள்.